மூன்றாம் முறையும் திரும்பி வந்த குட்டிக் கேசட்

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் பாண்டி அண்ணனின் கேசட் கடை. நல்ல வெயில் நேரம். மின்விசிறி சுற்றியது, காற்று மட்டும் வரவில்லை. நான் மர ஸ்டூலில் உட்கார்ந்து என் வெற்றியை ரசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பாட்டுக் குழுவின் பெரிய கேசட் வெளிவந்து அரை வருடம் ஆகியிருந்தது. அடுக்கிய இடத்தில் அடுக்கியபடியே இருந்தது. அதற்குத் துணையாகப் பின்னால் நாங்கள் போட்ட குட்டிக் கேசட்டில் மூன்றே பாட்டு, மொத்தம் இருபது நிமிடம். அதுவோ இரண்டு முறை தீர்ந்து, மூன்றாம் முறையாக மதுரையிலிருந்து கட்டாக வந்து இறங்கியிருந்தது.

"யாரு அண்ணே வாங்குறாக?" என்று கேட்டேன். கல்லூரிப் பையன்கள், ரசனை உள்ளவர்கள் என்று ஏதாவது சொல்வார், அதைக் காதாரக் கேட்கலாம் என்று ஆசை.

"பெரியபட்டினத்து ஆளுகதான் சாஸ்தி."

"எந்தப் பாட்டு பிடிச்சிருக்காம்?"

"பாட்டா?" பாண்டி அண்ணன் என்னைப் பாவமாகப் பார்த்தார். "தம்பி, கோவிச்சுக்காதீக. அதுல ஒரு பக்கம் பூராவும் வெத்தாவுல்ல கெடக்கு? துபாய்க்குப் பேசி அனுப்புறதுக்கு வாங்குறாக. வெறுங்கேசட்ட விட இது மலிவு. பின்பக்கம் அவுக பேசிக்கிறாக. முன்பக்கம் நீங்க ஒரு ஓரமா இருந்துட்டுப் போறீக."

அந்த நேரத்தில்தான் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஓர் அம்மா படியேறி வந்து, கையிலிருந்த கேசட்டைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

"இதுலயும் வரல," என்றார்.

"உம்மா, இது மூணாவது தடவை. டேப்பு சுத்தலையா?"

"சுத்துது."

"பாட்டு வரலையா?"

"பாட்டு வருது. என் மவன் வரல."

அது சாகுலின் தாயார். என்னோடு கிதார் வாசித்த சாகுலின் தாயார். நான் ஸ்டூலை மெல்லப் பின்னால் தள்ளி, கேசட் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்போது எனக்கு முப்பது வயது, கல்லூரி ஆசிரியர். நின்ற லட்சணம் அதுதான்.

இந்தத் தொடரில் எங்கள் குழுவைப் பற்றி ஒரு வரி எழுதியதிலிருந்து, "அந்தக் குட்டிக் கேசட்டைப் பற்றி எழுதுங்கள்" என்று வாசகர்கள் சிலர் கேட்டு வருகிறார்கள். நான் வேறு எதையெதையோ எழுதி வாரங்களை ஓட்டினேன். இனி ஓட்ட முடியாது. ஏன் முடியாது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பூகோளப் பாடம்

எங்கள் குழுவின் பெயர் 'பாக் நீரிணை'. பெயர் வைத்தது நான்தான். "பாட்டுக் குழுவாய்யா, பூகோளப் பாடமா?" என்று முத்து அன்றே கேட்டான். நான் அவனுக்கு விளக்கம் சொன்னேன். எதற்கும் விளக்கம் சொல்வது என் வியாதி.

மூன்றே பேர். நான் ஆர்கன் வாசிப்பேன். மதுரையில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. முடித்துவிட்டு ராமநாதபுரத்தில் வேலைக்கு வந்தவன். முத்து ஆர்.எஸ். மங்கலத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. திருவிழா மெல்லிசைக் கச்சேரிகளில் டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தான். கண்மாயில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் வயலில் இருப்பான், மற்ற மாதங்களில் எங்களுக்குக் கிடைப்பான். மூன்றாவது ஆள் சாகுல். பெரியபட்டினம். கீழக்கடைத் தெருவில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் சாகுலின் தாய்மாமன். அவர் குவைத்திலிருந்து வரும்போதெல்லாம் வெளிநாட்டு இசைத்தட்டுகளைக் கொண்டுவருவார். ஒரு முறை ஓர் ஆர்கனையும் கிதாரையும் கொண்டுவந்துவிட்டார். அந்தத் தட்டுகளில்தான் புரோகிரசிவ் ராக் என்பதை முதலில் கேட்டோம். ஒரு பாட்டு தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஓடும். நடுவில் தாளம் மாறும், சுருதி மாறும், பாடுகிறவர் காணாமல் போய்ப் பத்து நிமிடம் கழித்து வருவார். நான் பைத்தியமாகிப் போனேன். நாலு நிமிடத்தில் முடிகிற பாட்டெல்லாம் எனக்குக் கேவலமாகத் தெரிய ஆரம்பித்தது.

சாகுலும் அதை ரசித்தான். ஆனால் அவன் பைத்தியமாகவில்லை. அந்த வித்தியாசம் எனக்கு அப்போது புரியவில்லை.

இருபத்தாறு நிமிடப் புயல்

தனுஷ்கோடியைக் கடல் கொண்டதையும், பயணிகளோடு ரயில் அடித்துச் செல்லப்பட்டதையும் வைத்து நான் ஒரு பெரும்படைப்பு எழுதினேன். பெயர் 'மூழ்கிய தண்டவாளம்'. ஏழு பகுதிகள், இருபத்தாறு நிமிடம். புயல் வரும் இடத்தில் ஏழு எண்ணிக்கைத் தாளம், தண்ணீர் ஏறும்போது அது பதினொன்றாகும். முத்து பொறுமையாகக் கற்றுக்கொண்டான்.

"வாத்தியாரே, ஏழு சரி. பதினொண்ணும் சரி. செத்தவுகளுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று ஒரு முறை கேட்டான். அதற்கும் விளக்கம் சொன்னேன்.

இதைக் கல்லூரி ஆண்டு விழாவில் அரங்கேற்றினோம். மூன்றாம் பகுதியில் முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். நான்காம் பகுதியில் பின்வரிசை முழுவதும் எழுந்து வெளியே போனது. முத்து குச்சியை நிறுத்தாமல் என் பக்கம் சாய்ந்து சொன்னான்: "டீ குடிக்கப் போனவன் குடிச்சுட்டுத் திரும்பி வந்துட்டான் வாத்தியாரே. நம்ம இன்னும் புயலுக்குள்ளயே நிக்கிறோம்."

முடிந்ததும் மரியாதைக்குக் கைதட்டினார்கள். இன்னும் ஐந்து நிமிடம் பாக்கி இருந்தது. அதை நிரப்ப சாகுல் தன்னுடைய பாட்டு ஒன்றைப் பாடினான். பாம்பன் பாலத்தில் காற்று பலமாக அடித்தால் ரயிலை இந்தப் பக்கமே நிறுத்திவிடுவார்கள் அல்லவா? அதைப் பற்றிய பாட்டு.

"பாலத்துக்கு முன்னால நிக்குது வண்டி,
காத்து அடங்கட்டும், காத்து அடங்கட்டும்.
அக்கரையில சோறு ஆறிப் போனா ஆறட்டும்,
காத்து அடங்கட்டும்."

அவ்வளவுதான் பாட்டு. கிதாரில் மூன்றே மூன்று சுரச்சேர்க்கைகள். முத்து டிரம்ஸைத் தொடாமல் மடியில் தட்டினான். அரங்கம் அசையவில்லை. முடிந்ததும் "ஒன்ஸ் மோர்" என்று கத்தினார்கள். டீ குடிக்கப் போன கூட்டமும் சேர்ந்து கத்தியது. முதல்வர் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா வந்தது ரொம்ப நல்லாருந்துச்சு சேதுராமன்" என்றார்.

நான் சிரித்தேன். என் ஆர்கன் வயரைச் சுற்றும் சாக்கில் குனிந்துகொண்டேன். அன்றிலிருந்து எனக்கு அந்தப் பாட்டைக் கண்டால் ஆகாது.

கருத்துக்கு ஒட்டாது

பெரிய கேசட்டை மதுரையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்தோம். பெரும்பாலும் பக்திப் பாடல்கள் பதிவாகும் இடம். ஒரு பக்கம் முழுவதும் 'மூழ்கிய தண்டவாளம்'. மறுபக்கம் என்னுடைய வேறு மூன்று படைப்புகள். சாகுலின் பாட்டுக்கு இடமில்லை என்று சொன்னேன்.

"ஏலே சேது, வண்டி முங்குனதப் பத்தி அரை மணி நேரம் பாடுற. வண்டி நின்னதப் பத்தி நாலு நிமிசம் பாடக் கூடாதா?"

"கருத்துக்கு ஒட்டாது சாகுல்."

"என்ன கருத்து? எனக்குச் சொல்லு, ஒட்டுதாண்டு நானும் பாக்குறேன்."

நான் அரை மணி நேரம் பேசினேன். ஒருமை, கட்டமைப்பு, கதையோட்டம். இன்று யோசித்தால் எரிச்சலாக இருக்கிறது. காற்றுக்குக் காத்திருந்து தப்பித்த வண்டியின் பாட்டு, காத்திருக்காமல் போன வண்டியின் கதைக்குப் பக்கத்தில் வந்திருந்தால் அந்தக் கேசட்டுக்கே ஓர் அர்த்தம் வந்திருக்கும். முழுத் தொகுப்பிலும் கருத்துக்கு ஒட்டியது அந்த ஒரு பாட்டுதான்.

சாகுல் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு நானே ஒரு வழி சொன்னேன். மேல்நாட்டுக் குழுக்கள் ஒரு பெரிய தட்டு வெளியிட்டால், அதில் இடம் கிடைக்காத பாட்டுகளைச் சிறிய தட்டாகத் துணைக்கு விடுவது வழக்கம். நாமும் அப்படிச் செய்வோம். அதற்குப் பெயர் 'மிச்சம்'. அதில் உன் பாட்டுதான் முதல் பாட்டு.

"மிச்சமா?" என்றான் சாகுல். "பந்தி முடிஞ்ச பெறகு வைக்கிற சோறு மாதிரியா?"

"பெருமையான விஷயம்டா."

"சரி. ஒனக்குப் பெருமையா இருந்தாச் சரிதான்."

ஒரே நாளில் அவன் பாட்டைப் பதிவு செய்தோம். இரண்டாம் முறை பாடியதே சரியாக அமைந்துவிட்டது. ஒலிப்பதிவாளர், பேச்சுக் குறைவான மனிதர், "நல்லாருக்கு தம்பி" என்றார். மற்ற இரண்டு பாட்டுகள் நான் ஏற்கெனவே பதிவு செய்து கழித்துப்போட்டவை.

அடுத்த மாதமே சாகுலுக்கு வளைகுடா விசா வந்தது. தாய்மாமன் ஏற்பாடு. குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் வேலை. தகப்பனார் இல்லாத வீடு, கட்டிக் கொடுக்க இரண்டு தங்கைகள். போகாமல் முடியாது.

கிளம்புவதற்கு முந்தின நாள் பெரியபட்டினத்தில் அவன் வீட்டில் எனக்கும் முத்துவுக்கும் விருந்து. நெய்ச்சோறும் இறைச்சியும். தாயார் பரிமாறிக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். சாகுல் அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தான்.

"உம்மா, ஆளு அங்கன போனாலும் குரலு இங்கனதான் இருக்கும். பாண்டி அண்ணன் கடையில கேசட்டு வரும். வாங்கி வச்சுக்க. எப்பத் தோணுதோ அப்பப் போட்டுக் கேளு."

"நெசமாவா தம்பி?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். படித்தவனிடம் உறுதி கேட்கிறார்.

"நெசந்தான் உம்மா," என்றேன். இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

அழியட்டும்

அவன் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. நானும் முத்துவும் மதுரைக்குப் போனோம். சாகுலின் பாட்டில் சில வேலைகள் பாக்கி இருப்பதாக முத்துவிடம் சொல்லியிருந்தேன்.

நாலு நிமிடப் பாட்டு என் பெயரில் வரும் கேசட்டில் இருப்பதா? ஒலிப்பதிவாளர் நாடாவைச் சவர பிளேடால் அறுத்து, நடுவில் நானும் முத்துவும் வாசித்த ஏழு நிமிடத்தை ஒட்டினார். காற்று சுழல்வதுபோல் ஆர்கன். பதினொரு நிமிடமாயிற்று. முத்து கேட்டுவிட்டு, "வண்டி நிக்கிற பாட்டுல எதுக்கு வாத்தியாரே இம்புட்டு ஓட்டம்?" என்றான். அவனுக்கு வயலில் ஆள் காத்திருந்தது. மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

நான் போகவில்லை. இனி சொல்லப்போவது அவனுக்குத் தெரியாமல் நடந்தது.

அந்தக் கூடத்து இயந்திரத்தில் நாலு தடங்கள். கிதாருக்கு ஒன்று, டிரம்ஸுக்கு ஒன்று, ஆர்கனுக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் ஒலிவாங்கி முன் நின்று, நான் பாடப் போகிறேன் என்றேன்.

"சார், குரலுக்குண்டான தடத்துல அந்தத் தம்பி பாடுனது இருக்கே."

"தெரியும்."

"அதுக்கு மேலயா?"

"ஆமா."

"அது அழிஞ்சிரும் சார். வேற நகல் இல்ல."

"அழியட்டும்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். நான் ஏதாவது காரணம் சொல்வேன் என்று காத்திருந்திருப்பார். சொன்னேன். நடுப்பகுதி கனமாகிவிட்டது, அவன் குரல் மெல்லியது, பொருந்தாது. அவர் பொத்தானை அழுத்தினார்.

பொருந்தாது என்பது பொய். எனக்கு அந்த "ஒன்ஸ் மோர்" வேண்டியிருந்தது. குழுவை விட்டுப் போனவனுக்குக் குழுவின் கேசட்டில் என்ன வேலை என்று கோபமும் இருந்தது. அவன் பிழைப்புக்குப் போனான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபப்பட்டேன். அந்தக் கோபம் இல்லாவிட்டால் அந்தக் காரியத்தைச் செய்ய எனக்குத் துணிச்சல் வந்திருக்காது.

அட்டையில் பாடியவர் பெயர் போடவில்லை. 'சொல், இசை, குரல்: பாக் நீரிணை' என்று போட்டேன். கோழைகளுக்குக் குழுப்பெயர் மிகவும் வசதி.

இதற்கெல்லாம் மேல் ஒரு முட்டாள்தனம். நகல் எடுப்பவரிடம் அறுபது நிமிட நாடாதான் இருந்தது. எங்களிடம் இருபது நிமிடப் பாட்டு. "மிச்ச இடத்துல சினிமாப் பாட்டு போட்டுத் தரவா சார்?" என்று கேட்டார். நான் அவமானப்பட்டுப்போய், வெற்றாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். கலைஞனின் மௌனம் என்று ஏதோ சொன்னதாகவும் நினைவு. அந்த மௌனத்தைத்தான் பெரியபட்டினம் வாங்கிக்கொண்டது.

அந்தக் காலத்தில் கடலோர ஊர்களில் எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களும், எழுதினால் மனசு ஆறாத மனைவிமார்களும் டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து பேசி, அந்தக் கேசட்டை விடுமுறை முடிந்து திரும்புகிறவர் கையில் கொடுத்து அனுப்புவார்கள். குழந்தை அழுவது, கோழி கூவுவது, வாசலில் மீன்காரி கூப்பிடுவது எல்லாம் சேர்ந்து பதிவாகிப் போகும். அங்கே எட்டுப் பேர் படுத்திருக்கும் அறையில் ஒருவன் அதைக் காதோடு வைத்துக் கேட்பான். அவனும் அதேபோல் பேசி அனுப்புவான்.

சாகுல் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஊருக்கு வருகிற ஆள் யாரும் அமையாததால் அவன் பேச்சு இன்னும் வந்து சேரவில்லை. அவன் தாயாருக்கு அவன் குரல் கிடைக்கக்கூடிய ஒரே இடம் பாண்டி அண்ணன் கடைதான்.

அலமாரிக்குப் பின்னால்

"மூணு கேசட்டும் ஒரே கட்டுல வந்ததுதான் உம்மா. எல்லாத்துலயும் ஒண்ணுதான் இருக்கும்," என்று பாண்டி அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அது எப்புடி? பாட்டு அவன் பாட்டு. வீட்டுல பாடிக்கிட்டே திரிவான், எனக்குத் தெரியாதா? ஆனா பாடுறது வேற யாரோ. கேசட்ட மாத்தி ஒட்டிட்டாங்களோ என்னமோ. உள்ள தேடிப் பாருங்க. அவன் பாடுனது ஒண்ணு இருக்கும்."

பாண்டி அண்ணனின் பொறுமை போய்விட்டது. "இந்தா, கேசட்டு அடிச்சவுகளே இங்கனதான் நிக்கிறாக. சேது தம்பி, வெளிய வாங்க. நீங்களே உம்மாவுக்குச் சொல்லுங்க."

நான் வெளியே வந்தேன். என்னைக் கண்டதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. அதை என்னால் மறக்க முடியவில்லை.

"அல்லா, நீங்களா தம்பி! நல்லதாப் போச்சு. இதுல அவன் எங்கன பாடுறாண்டு எனக்குக் கொஞ்சம் காட்டிக் குடுங்க."

பாண்டி அண்ணன் கேசட்டை இயந்திரத்தில் போட்டார். ஆர்கன் வந்தது. பிறகு என் குரல் வந்தது. "பாலத்துக்கு முன்னால நிக்குது வண்டி." மூவரும் நின்று கேட்டோம். அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். இது நான் உம்மா, அவன் பாடியதை அழித்துவிட்டேன். ஒரு வாக்கியம். பாண்டி அண்ணன் காறித் துப்பியிருப்பார். அந்த அம்மா அழுதிருப்பார். அதோடு முடிந்திருக்கும்.

"இதுதான் உம்மா," என்றேன். "இது சாகுல்தான்."

"இதா? இது கனத்த குரலாவுல்ல இருக்கு?"

"மெஷின்ல பதியும்போது அப்படி ஆயிரும். நாடா சுத்துற வேகம் கொஞ்சம் கொறஞ்சா குரல் தடிச்சுப் போகும். எதிரொலி வேற சேர்த்திருக்கோம்."

"மெஷினு ஆளோட குரல மாத்துமா தம்பி?"

"மாத்தும் உம்மா."

பாண்டி அண்ணன் என்னைப் பார்த்தார். கேசட் கடைக்காரருக்கு இது பொய் என்று தெரியாதா? ஆனால் அவருக்கும் அந்த அம்மா நான்காம் முறை வராமல் இருந்தால் போதும்.

அந்த அம்மா துப்பட்டியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்துக் கேட்டார். நெற்றி சுருங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் சுருக்கம் விலகியது.

"ஆமா," என்றார் மெதுவாக. "'ஆறிப் போனா ஆறட்டும்'ங்கிற எடத்துல அவன்தான். இப்பத் தெரியுது. நான் ஒரு கோட்டி, பெத்த பிள்ளை குரல் தெரியாம மூணு தடவ அலைஞ்சிருக்கேன்."

கேசட்டை முந்தானையில் முடிந்துகொண்டார். "நீங்க நல்லாருக்கணும் தம்பி," என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார்.

சாகுல் குரலை அழித்தது பொறாமை. அதை ஓரளவு எனக்கே விளக்கிக்கொள்ள முடிகிறது. ஆனால் படிக்காத ஒரு தாயிடம் என் படிப்பைக் காட்டி, அவர் காதையே அவர் நம்பாதபடி செய்தேனே, அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

எழுதுகிறாயே வாரா வாரம்

முத்து கேசட்டைக் கேட்ட அன்றே ஆர்.எஸ். மங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்தான். "இது யாரு குரல் வாத்தியாரே?" என்றான். நான் நாடா வேகத்தைப் பற்றி ஆரம்பித்தேன். "எனக்கே இந்தக் கதையா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அதன்பின் அவன் எனக்குக் குச்சி எடுக்கவில்லை. குழு அதோடு சரி.

சாகுலிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. ஊருக்கு விடுமுறையில் வருகிறான் என்று கேள்விப்படுவேன், அந்த மாதம் நான் மதுரைக்குப் போய்விடுவேன். இப்படியே இருபத்தைந்து வருடத்துக்கும் மேல். அவன் தாயார் இறந்தபோதும் நான் போகவில்லை. செய்தி வந்த அன்று கல்லூரியில் தேர்வுக் கண்காணிப்பு இருந்தது. போயிருக்க முடியும். கண்காணிப்பைக் காரணமாகச் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம்தான் போனேன். வேலை ஓய்வு பெற்று, இந்தத் தொடரும் எழுத ஆரம்பித்த பிறகு, மற்றவர்களின் குற்றங்களை அவ்வளவு தெளிவாக எழுதிக்கொண்டு இதை மறைப்பது எனக்கே எரிச்சலாகிவிட்டது.

பெரியபட்டினம் கடைத்தெருவில் சாகுல் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். தாடி முழுவதும் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"வாங்க," என்றான். அந்த மரியாதை என்னை அடித்தது. எங்களுக்குள் ஒருநாளும் 'வாங்க' இருந்ததில்லை.

நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மதுரையில் நடந்தது, கடையில் நடந்தது. அவன் ஒரு வாடிக்கையாளருக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டே கேட்டான்.

"தெரியும்," என்றான், அவர் போன பிறகு. "உம்மா அந்தக் கேசட்டுல, பின்பக்கத்துலதான் எனக்கு மொதக் கடுதாசி பேசி அனுப்புச்சு. 'வாப்பா, ஒன் பாட்டு கேட்டேன். எனக்கு மொதல்ல வெளங்கல, ஒன் கூட்டாளி சேது தம்பிதான் கூட இருந்து காட்டிக் குடுத்துச்சு. நல்ல பிள்ளை. ஏன் குரலு கம்மிப் போச்சு? தண்ணி சேரலையா?' அப்படிண்டு. நான் முன்பக்கத்தத் திருப்பிப் போட்டேன். ஒன் குரல் வருது."

"உம்மாகிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாமே சாகுல்."

"என்னண்டு சொல்ல?" இப்போதுதான் அவன் குரல் உயர்ந்தது. "மறுகேசட்டு ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டு, தெனம் மத்தியானம் லுஹர் தொழுதுட்டு அதப் போட்டுக் கேட்டுச்சாம். கேட்டுக்கிட்டே எங்கிட்ட பேசுமாம். அத நான் எப்புடி ஏலே பிடுங்குவேன்? 'சளி பிடிச்சிருந்துச்சு உம்மா, அதான்'ண்டு நானும் பேசி அனுப்புனேன். நீ சொன்ன பொய்க்கு நான் காவல் இருந்தேன்."

'ஏலே' என்று வந்துவிட்டது. அவன் கவனிக்கவில்லை.

"மொத லீவுல வந்தப்பப் பாடச் சொல்லுச்சு. பாடுனேன். 'கேசட்டுல நல்லாப் பாடிருக்க வாப்பா. இப்பத் தொண்டை போயிருச்சு, ஏசிக் காத்து ஆகல'ங்குது. அன்னைக்கி நிறுத்துனதுதான். இப்பத் தங்கச்சி பிள்ளைக அந்தக் கேசட்டக் கம்ப்யூட்டர்ல ஏத்திப் போன்ல வச்சிருக்குதுக. 'மாமா பாட்டு'. உம்மா மவுத்தான நாள் வந்தா அதத்தான் போட்டுக் கேட்டு அழுகுதுக. பாடிக் காட்டுங்க மாமாண்டு ஒரு நாள் பிடிச்சுக்கிருச்சுக. ரெண்டு வரி பாடுனேன். 'அது மாதிரி இல்ல'ங்குதுக."

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"அது எதுக்கு? மன்னிச்சேண்டு சொன்னா நீ நிம்மதியா பஸ் ஏறிருவ." அவன் தராசைத் துடைத்து வைத்தான். "எழுதுறியே வாரா வாரம். ஒன் காலேஜு, ஒன் வாத்தியார்மாரு, நீ வளத்த நாயி, எல்லாம் எழுதுற. எங்க வீட்டுப் பிள்ளைக வாங்கிப் படிக்கிதுக. நான் சொன்னா, பாட்டிய நான் இவ்வளவு நாளு ஏமாத்துனேண்டு ஆகும். இத நீ எழுது."

எழுதுகிறேன்.

சாகுலின் தங்கைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும்: உங்கள் கைபேசியில் இருக்கும் பதினொரு நிமிடப் பாட்டில் சொல்லும் மெட்டும் கிதாரும் சாகுலுடையவை. குரல் என்னுடையது. அவர் பாடியது நாலு நிமிடம். குரல் மெலிந்திருக்கும், மேலே ஏறும்போது உடையப்போவது போல இருக்கும், உடையாது. இரண்டாம் அடிக்கு முன்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்கும். அதை ஒரு மதிய நேரத்தில் மதுரையில், வேறு நகல் இல்லை என்று தெரிந்தே அழித்தேன். எங்கே தேடினாலும் கிடைக்காது. உங்கள் பாட்டியின் காது தவறாகக் கேட்கவில்லை. மூன்று முறையும் சரியாகத்தான் கேட்டது. நான்தான் பொய் சொன்னேன். உங்கள் மாமா பாட்டியை ஏமாற்றவில்லை. பாட்டியிடம் இருந்ததைப் பறிக்க மனம் வராமல் வாயை மூடிக்கொண்டார்.

அவருக்கு இப்போது அறுபதை நெருங்குகிறது. இன்னும் ஒரு முறை பாடச் சொல்லிக் கேளுங்கள். பாடி முடித்ததும், அது மாதிரி இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.